வீட்டை விற்கும் முன் பத்திரம், பட்டா, வரி ரசீதில் உள்ள பிழைகளைத் திருத்துவது எப்படி? சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் மாநகராட்சி, சுற்றியுள்ள கிராமங்கள், ஏற்காடு ஆகிய இடங்களில் வீடு விற்கப் போகிறவர்கள் வழக்கமாகக் கேட்பவை இவை. விலை பேசி முடித்தபின் வாங்குபவரின் வங்கி வக்கீல் கண்டுபிடித்துச் சொல்லும் பிழைகளில் பெரும்பாலானவற்றை, விலை பேசுவதற்கு முன்பே வீட்டுக்காரரே கண்டுபிடித்துவிட முடியும்.

எந்தெந்தத் தாள்களை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்?

உங்கள் கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப்பத்திரம், பட்டா அல்லது சிட்டா, அ-பதிவேட்டு (கிராம நிலக் கணக்கு) நகல், புலப்படம் (நில அளவை வரைபடம்), வில்லங்கச் சான்று (சொத்தின் மீது பதிவான ஆவணங்களின் பட்டியல்), வீட்டு வரி ரசீது, மின் கட்டண அட்டை, கட்டட அனுமதி வரைபடம், ஆதார் ஆகியவற்றை எடுத்து வையுங்கள். மாநகராட்சிக்குள் நகர அளவை முடிந்த பகுதி என்றால், சிட்டாவுக்குப் பதில் நகர நில அளவைப் பதிவேட்டு நகல்.

பட்டா, அ-பதிவேடு, புலப்படம் மூன்றையும் 'எங்கிருந்தும் எந்நேரமும்' என்ற அரசு இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறையின் 'டிஎன்ரெஜிநெட்' தளத்தில் பார்க்கலாம். பெரும்பாலான சார்பதிவகங்களுக்கு 1975 முதலான பதிவுகள் அதில் உள்ளன. அதற்கு முந்தையதற்குச் சார்பதிவகத்தில் மனு கொடுத்துக் கையால் எழுதிய வில்லங்கச் சான்று வாங்க வேண்டும்.

ஒரு வெள்ளைத் தாளில் கட்டம் போட்டு, பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, நான்கு எல்லை, கதவு எண் என ஏழு விவரங்களையும் ஒவ்வொரு தாளிலும் உள்ளபடியே எழுதுங்கள். மனதில் திருத்திக்கொண்டு எழுதக் கூடாது. 'முருகேசன்' என்று ஒன்றிலும் 'முருகேஷ்' என்று இன்னொன்றிலும் இருந்தால் அப்படியே வரட்டும். எந்த இடத்தில் முதல் முறையாக விவரம் மாறியது என்பது இந்தத் தாளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இனி வரும் எல்லாக் கேள்விகளுக்கும் பதில் அதைப் பொறுத்ததுதான்.

பல இடங்களில் பிழை இருக்கிறது. எதை முதலில் திருத்துவது?

பிழை முதலில் புகுந்த ஆவணத்தை. பலர் எளிதாக இருக்கிறதே என்று வீட்டு வரியிலும் மின் இணைப்பிலும் தொடங்குகிறார்கள். அவை பத்திரத்தைப் பார்த்துப் போடப்படும் பதிவுகள். பத்திரத்தில் சர்வே எண் தவறாக இருக்கும்போது அவற்றை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை.

வரிசை இப்படி: தாய்ப்பத்திரம், உங்கள் பத்திரம், பட்டா, பிறகு வரியும் மின்சாரமும். பத்திரம் சரியாக இருந்து பட்டாவில் மட்டும் தவறு என்றால் பத்திரத்தைத் தொடவே வேண்டாம். சில ஆவண எழுத்தர்கள் "பட்டாவில் எப்படி இருக்கிறதோ அப்படியே பத்திரத்தைத் திருத்திவிடலாம்" என்பார்கள். ஒரே நாளில் வேலை முடியும் என்பதால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் சரியான ஆவணத்தைத் தவறான பதிவுக்கு ஏற்ப வளைத்த பிறகு அதிலிருந்து மீள்வது கடினம். உரிமையைத் தருவது பத்திரம். பட்டா வருவாய்த்துறையின் கணக்கு. அதனால்தான் பட்டாவை மட்டும் வைத்து உரிமையை நிரூபிக்க முடியாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

பத்திரத்தில் 1,800 சதுர அடி. பட்டாவில் 0-1.62 என்று இருக்கிறது. இரண்டும் ஒன்றுதானா?

முதலில் பட்டாவின் அளவைப் படிக்கத் தெரிய வேண்டும். கோட்டுக்கு முன்னால் இருப்பது ஹெக்டேர், பின்னால் இருப்பது ஏர். 1 ஏர் என்பது 100 சதுர மீட்டர். எனவே 0-1.62 என்பது 162 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டருக்கு 10.764 சதுர அடி என்று பெருக்கினால் ஏறக்குறைய 1,744 சதுர அடி. உங்கள் பத்திரத்தைவிட 56 சதுர அடி குறைவு. சென்ட் கணக்கில் பார்ப்பவர்களுக்கு: 1 சென்ட் 435.6 சதுர அடி, 1 ஏர் 2.47 சென்ட்.

இப்படிப்பட்ட வித்தியாசத்துக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். மூன்றுக்கும் வழி வேறு வேறு.

முதலாவது, முழுமையாக்கல். கிராமப் பகுதிகளின் பழைய பதிவுகளில் பரப்பு பெரும்பாலும் அரை ஏர் அளவுக்குச் சரிக்கட்டி எழுதப்பட்டிருக்கும்: 12.50, 40.00, 81.50 என்று. அரை ஏர் என்பது 538 சதுர அடி. தோட்டத்துக்கு அது பெரிதல்ல, மனைக்குப் பெரிது. இதைப் பிழை என்று மனு செய்வதைவிட, உங்கள் மனையைத் தனி உட்பிரிவாகப் பிரித்து அளக்கச் சொல்வதே சரியான வழி. உட்பிரிவு ஆகும்போது சர்வேயர் நேரில் அளந்து துல்லியமான பரப்பைப் பதிவார்.

இரண்டாவது, நிலத்திலேயே குறைவு. பத்திரம் கிழமேல் 30 அடி, தென்வடல் 60 அடி என்கிறது. ஆனால் முன்னால் ரோடு அகலமானபோது 2 அடி போய்விட்டது. 30 × 58 என்றால் 1,740 சதுர அடி. பட்டாவின் 162 சதுர மீட்டரோடு அது ஒத்துப்போகிறது பாருங்கள். இங்கே பட்டாதான் சரி. இல்லாத 56 சதுர அடியைப் பட்டாவில் ஏற்றச் சொல்லி அலைவது வீண். விற்கும் பத்திரத்தில் 'முந்தைய ஆவணப்படி 1,800 சதுர அடி, தற்போதைய அளவின்படி 1,740 சதுர அடி' என்று இரண்டையும் எழுதி, தற்போதைய அளவுக்கே விற்க வேண்டும். விலையை முன்கூட்டியே சதுர அடிக் கணக்கில் பேசியிருந்தால் அங்கே தகராறு வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மூன்றாவது, உங்கள் இடத்தில் ஒரு பகுதி பக்கத்து உட்பிரிவில் சேர்ந்திருப்பது. பக்கத்துப் பட்டாவின் பரப்பையும் இணையத்தில் பாருங்கள். உங்களுக்குக் குறைந்தது அங்கே கூடியிருந்தால் இதுதான் காரணம். நில அளவைக்கு மனு செய்து எல்லைக் கல்லை உறுதிப்படுத்தியபின், இரு தரப்புக்கும் நோட்டீஸ் கொடுத்து விசாரித்துத்தான் திருத்துவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதம் தந்தால் வேலை பாதியாகக் குறையும்.

பட்டாவில் பத்திரத்தைவிட அதிகம் இருந்தால்? மகிழ்ச்சியடைய ஒன்றுமில்லை. பத்திரத்தில் இல்லாத இடத்துக்கு உங்களுக்கு உரிமை இல்லை. அதை விற்றால் நாளை வாங்கியவர் உங்களிடம்தான் திரும்பி வருவார்.

பத்திரத்திலேயே சர்வே எண் அல்லது செக்குபந்தி (நான்கு எல்லை விவரம்) தவறு. என்ன செய்வது?

பிழைத்திருத்தல் பத்திரம் எழுதிப் பதிய வேண்டும். மூல ஆவணத்தை எழுதிக் கொடுத்தவரும் வாங்கியவரும் இருவருமே கையெழுத்துப் போட வேண்டும். வாங்கியவர் தனியாக எழுதிக்கொள்ளும் 'திருத்தம்' செல்லாது. சொத்து எந்தச் சார்பதிவகத்தின் எல்லைக்குள் இருக்கிறதோ அங்கே இரண்டு சாட்சிகளோடு பதிய வேண்டும்.

அந்தப் பத்திரத்தில் கட்டாயம் இருக்க வேண்டியவை: மூல ஆவணத்தின் எண், ஆண்டு, பதிவான சார்பதிவகம், தவறாக உள்ள வரி அப்படியே, அதற்குப் பதில் வாசிக்க வேண்டிய வரி, பிழை எப்படி நேர்ந்தது என்பதற்கு ஒரு வாக்கியம், திருத்தியபின் சொத்து விவரம் முழுவதும். கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 'சர்வே எண் 45/2 என்பதை 45/2பி என்று வாசிக்கவும்' என்று மட்டும் எழுதினால், எதிர்காலத்தில் இரண்டு பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும்.

செக்குபந்தியில் பொதுவாக நடக்கும் தவறு, திசை மாறுவது. 'ரோட்டுக்கு மேற்கு' என்று எழுத வேண்டிய இடத்தில் 'மேற்கில் ரோடு' என்று எழுதிவிடுவார்கள். முதலாவதன் பொருள், ரோடு சொத்துக்குக் கிழக்கே இருக்கிறது என்பது. இரண்டாவது அதற்கு நேர் எதிர். இதைச் சின்ன விஷயம் என்று விடக் கூடாது. பரப்புக்கும் எல்லைக்கும் முரண் வந்தால் நீதிமன்றங்கள் பொதுவாக எல்லைக்கே அதிக மதிப்புக் கொடுக்கின்றன.

பரப்பு கூடாமல் வெறும் எழுத்துப் பிழை என்றால் செலவு சிறியது. பரப்பைக் கூட்டினால், கூடும் இடத்தைப் புதிய கிரயமாகக் கருதி அதற்கு 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் கேட்பார்கள். அடியோடு வேறு சர்வே எண்ணுக்கு மாற்றுவதும், புதிய ஆளின் பெயரைச் சேர்ப்பதும் பிழைத்திருத்தம் ஆகாது.

பிழை தாய்ப்பத்திரத்திலேயே தொடங்கியிருந்தால், அங்கிருந்து உங்கள் பத்திரம் வரை ஒவ்வொன்றையும் திருத்த வேண்டும். இடையில் ஒன்றை விட்டால் சங்கிலி அறுந்ததாகவே வங்கி வக்கீல் பார்ப்பார்.

எனக்கு விற்றவர் இறந்துவிட்டார். அல்லது கையெழுத்துப் போட மறுக்கிறார்.

இறந்திருந்தால் அவருடைய வாரிசுகள் எல்லோரும் எழுதிக் கொடுக்க வேண்டும். இறப்புச் சான்றும் தாசில்தார் தந்த வாரிசுச் சான்றும் தேவை. 'மகன் மட்டும் வந்தால் போதாதா?' என்று கேட்பார்கள், போதாது.

மறுத்தால், அல்லது ஆளே கிடைக்கவில்லை என்றால், 1963-ஆம் ஆண்டு குறித்தவகை நிவாரணச் சட்டத்தின் 26-வது பிரிவின்படி சிவில் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். இரு தரப்புக்கும் பொதுவான பிழை, அல்லது மோசடி, காரணமாக ஆவணம் உண்மையான நோக்கத்தைச் சொல்லவில்லை என்று நிரூபிக்க வேண்டும். அதற்கு ஆண்டுக்கணக்கில் ஆகலாம். மறுப்பவர்களில் பலர் பணம் எதிர்பார்த்து மறுப்பதில்லை. 'மறுபடியும் என்னிடம் எதையாவது எழுதி வாங்கிவிடுவார்களோ' என்ற பயம்தான். வரைவை முன்கூட்டியே கொடுத்து, அவருடைய வக்கீலிடம் காட்டச் சொன்னால் பலர் இறங்கி வருவார்கள்.

ஆதாரில் ஒரு பெயர், பத்திரத்தில் ஒரு பெயர். இனிஷியலும் வேறு.

எழுத்து வித்தியாசம், இனிஷியல் விரிவு போன்றவற்றுக்கு, இரண்டு பெயரும் ஒரே நபரைக் குறிக்கும் என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, இரண்டு பெயரும் இருக்கும் பழைய சான்றுகளை இணைத்தால் பெரும்பாலும் போதும். பள்ளிச் சான்றிதழ், பழைய ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை ஆகியவை கைகொடுக்கும். விற்கும் பத்திரத்தில் 'முந்தைய ஆவணத்தில் இன்னார் என்று குறிப்பிடப்பட்ட' என்று இரண்டு பெயரையும் சேர்த்து எழுத வேண்டும்.

பெயரையே முழுமையாக மாற்றியிருந்தால் அரசிதழ் அறிவிப்பு வேண்டும். பத்திரத்தில் தந்தை பெயரே தவறு என்றால் உறுதிமொழியோடு நிற்காமல் பிழைத்திருத்தல் பத்திரம் போடுவது நல்லது, ஏனென்றால் ஒரே ஊரில் ஒரே பெயரில் நாலு பேர் இருக்கும்போது தந்தை பெயர்தான் ஆளைப் பிரித்துக் காட்டுகிறது.

பட்டா இன்னும் அப்பா பெயரில் இருக்கிறது. விற்கும்போதே மாறிவிடாதா?

மாறாது. உட்பிரிவு தேவைப்படாத சொத்தில், விற்பவரின் பெயர் பட்டாவில் இருந்தால், பதிவு முடிந்ததும் வாங்குபவர் பெயருக்குப் பட்டா தானாகவே மாறும் ஏற்பாடு இப்போது இருக்கிறது. விற்பவர் பெயர் பட்டாவில் இல்லாவிட்டால் அது வேலை செய்யாது. வாங்குபவர்கள் இதற்காகவே 'முதலில் உங்கள் பெயருக்குப் பட்டா மாற்றிக் கொடுங்கள்' என்கிறார்கள்.

அப்பா உயிலோ செட்டில்மெண்ட் பத்திரமோ (உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதித் தருவது) எழுதாமல் இறந்திருந்தால், அவருடைய சுயசம்பாத்தியச் சொத்தில் மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடு இருந்தால் அப்பாவின் தாயாரும், எல்லோருக்கும் சம பங்கு (இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956). பாட்டியை எல்லோரும் மறந்துவிடுவார்கள். கல்யாணம் ஆகிப் போன அக்கா தங்கையை மறந்ததாக நடிப்பார்கள்! வாரிசுச் சான்று என்பது யார் யார் வாரிசு என்ற பட்டியல்தான்; அதை வைத்து ஒருவர் மட்டும் விற்க முடியாது. ஒன்று, எல்லோரும் சேர்ந்து விற்க வேண்டும். இல்லையேல் மற்றவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து உங்களுக்கு விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும். குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய்.

கூட்டுப் பட்டாவில் பத்துப் பெயர் இருந்து உங்கள் மனை அதில் ஒன்று என்றால், தனிப்பட்டாவுக்கு உட்பிரிவு மனுப் போடுங்கள். பொது சேவை மையத்திலோ இணையத்திலோ மனு செய்யலாம். உட்பிரிவு இல்லாத மாறுதலை தாலுகா அளவிலேயே தாள்களைப் பார்த்து முடித்துவிடுவார்கள். உட்பிரிவுக்கு சர்வேயர் வந்து அளக்க வேண்டும் என்பதால் கூடுதல் காலம். சர்வேயர் வரும் நாளில் நான்கு மூலையும் கண்ணுக்குத் தெரியும்படி முள்செடி, குப்பை எல்லாம் அகற்றி வையுங்கள். கல் தெரியாததால் திரும்பிப் போன அளவைகள் ஏராளம்.

எங்கள் பத்திரம் 1960-களிலிருந்தே சரி. பட்டாவில் மட்டும் வேறு யாரோ பெயர். எப்படி?

பெரும்பாலும் 'யுடிஆர்' பிழை. நில உடைமைப் பதிவேடுகளை மேம்படுத்தும் அந்தத் திட்டம் தமிழ்நாட்டில் 1979 முதல் 1987 வரை நடந்தது. பழைய கைப்பதிவுகளிலிருந்து புதியவற்றுக்கு எடுத்தெழுதியபோது பெயர் இடம் மாறியது, உட்பிரிவு ஒன்றோடொன்று மாறியது, பட்டா நிலம் 'சர்க்கார் புறம்போக்கு' அல்லது 'அனாதீனம்' (உரிமையாளர் இல்லாத நிலம்) என்று பதிவானது எல்லாம் உண்டு. பின்னால் கணினியில் ஏற்றியபோது அதே பிழைகளும் ஏறின, கூடவே சில தட்டச்சுப் பிழைகளும்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். காகித அ-பதிவேட்டில் சரியாக இருந்து கணினியில் மட்டும் தவறு என்றால் தாசில்தார் அலுவலகத்திலேயே திருத்தலாம். காகிதத்திலேயே தவறு என்றால் உரிமை சார்ந்த திருத்தம். வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது மாவட்ட வருவாய் அலுவலர் விசாரணை வரை போகும். மனுவோடு யுடிஆருக்கு முந்தைய செட்டில்மெண்ட் (பழைய நிலவரித் திட்ட) பதிவேட்டு நகல், அந்தக் காலப் பத்திரம், தொடர்ச்சியான வில்லங்கச் சான்று, அனுபவத்தைக் காட்டும் வரி ரசீதுகள் எல்லாம் வேண்டும். பழைய பதிவேட்டு நகல் கிடைக்கவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

பட்டாவில் இருக்கும் 'யாரோ' வந்து எதிர்த்தால் வருவாய்த்துறை சிவில் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லிவிடும். உரிமைத் தகராறைத் தீர்க்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை.

மாநகராட்சிப் பகுதியில் இருக்கிறேன். பத்திரத்தில் ஒரு எண், இணையத்தில் வேறு எண்.

1994-இல் சேலம் மாநகராட்சி ஆனபோது சுற்றியிருந்த பல பகுதிகள் உள்ளே வந்தன. நகர அளவை நடந்த இடங்களில் பழைய கிராம சர்வே எண்ணுக்குப் பதில் வார்டு, பிளாக், நகரளவை எண் என்று மூன்றடுக்கு எண் வந்திருக்கும். பழைய எண்ணைப் போட்டு இணையத்தில் தேடினால் ஒன்றும் வராது. இது பிழையே அல்ல. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் இணைக்கும் ஒப்புமைச் சான்றை தாலுகா அலுவலகத்தில் வாங்கி, விற்கும் பத்திரத்தில் இரண்டையும் எழுதினால் போதும்.

இதில் ஒரு குழப்பம் தொடர்ந்து வருகிறது: நில அளவை வார்டும் கவுன்சிலர் தேர்தல் வார்டும் ஒன்றல்ல. சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி என்ற நான்கு மண்டலங்களில் உள்ள 60 வார்டுகள் தேர்தலுக்கும் வரிக்கும் உரியவை. பத்திரத்தில் 'வார்டு' என்று வெறுமனே எழுதாமல் எந்த வார்டு என்று சொல்லி எழுதுங்கள். வில்லங்கம் போடும்போதும் பழைய சர்வே எண், புதிய நகரளவை எண் இரண்டுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். ஒன்றுக்கு மட்டும் போட்டால் பாதி வரலாறுதான் வரும்.

வீடு கிராம நத்தத்தில் இருக்கிறது. இணையத்தில் பட்டாவே காட்டவில்லை.

நத்தத்துக்கு, அதாவது ஊரின் குடியிருப்புக்கென ஒதுக்கிய நிலத்துக்கு, தனிப் பதிவேடு. நத்தம் அளவையின்போது உங்கள் வீட்டுக்குத் தனி எண்ணும் சதுர மீட்டரில் பரப்பும் கொடுத்திருப்பார்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் (விஏஓ) நத்தம் பதிவேட்டைப் பார்த்து, உங்கள் எண்ணைக் கண்டுபிடித்து, அது கணினியில் ஏறவில்லை என்றால் தாசில்தாருக்கு மனுக் கொடுங்கள். பழைய நத்தம் வீடுகளுக்கு மூலப்பத்திரமே இல்லாமல் இருப்பது சகஜம். அப்போது நத்தம் பட்டா, பழைய வரி ரசீது, மின் இணைப்பு இவைதான் துணை.

வில்லங்கச் சான்றில் தவறு இருக்கிறது.

மூன்று வகை. பத்திரம் சரி, சார்பதிவகத்தின் அட்டவணையில் ஏற்றும்போது எண் தவறியது என்றால், பத்திர நகலோடு சார்பதிவாளருக்கு மனுக் கொடுத்தால் போதும். புதிய பத்திரம் தேவையில்லை.

கட்டி முடித்த வங்கிக் கடன் இன்னும் அடமானமாகத் தெரிகிறது என்றால் அது பிழை அல்ல. கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தை வங்கி எழுதித் தந்து, அது பதிவாகவில்லை என்று அர்த்தம். வங்கி கொடுத்த 'பாக்கி இல்லை' கடிதம் வில்லங்கத்தில் ஏறாது. கிளையில் கேட்டு, அதிகாரம் பெற்ற அலுவலரைச் சார்பதிவகத்துக்கு வரவழைத்துப் பதிய வேண்டும். அவருக்கு நேரம் கிடைப்பதே பெரிய வேலை, எனவே இதை முதல் வாரத்திலேயே தொடங்குங்கள்.

உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத பத்திரம் உங்கள் சர்வே எண்ணில் தெரிகிறது என்றால் அதன் சான்றிட்ட நகலை வாங்கிப் படியுங்கள். உட்பிரிவு போடாமல் மொத்த எண்ணை எழுதிய யாரோ ஒருவரின் பத்திரமாக இருக்கலாம். செக்குபந்தியும் கதவு எண்ணும் வேறு என்றால் வக்கீல் கருத்துரையில் ஒரு பத்தியில் முடிந்துவிடும். உங்கள் எல்லைகளையே சொன்னால் உடனே வக்கீலைப் பாருங்கள்.

வழிகாட்டி மதிப்பு பூஜ்யம் என்று காட்டுகிறது. பதிய முடியாதாமே?

கோயில் அல்லது அரசு நிலம் உள்ள சர்வே எண்களைப் பதிவுத்துறை, வழிகாட்டி மதிப்பை (பதிவுக்கு அரசு வைக்கும் விலை) பூஜ்யமாக்கி முடக்கி வைக்கும். பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு அப்படிப்பட்ட சொத்தைப் பதிய மறுக்கச் சொல்கிறது. ஆனால் ஒரு உட்பிரிவு மட்டும் கோயிலுக்குச் சொந்தமாக இருக்க, மொத்த எண்ணும் முடங்குவது உண்டு. உங்கள் உட்பிரிவு அதில் சேராது என்பதை அ-பதிவேடு, புலப்படம் வழியாகக் காட்டி, அறநிலையத்துறை அல்லது வருவாய்த்துறையிடம் ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் வாங்கி, மாவட்டப் பதிவாளரிடம் மனுச் செய்ய வேண்டும். நிலம் உண்மையிலேயே கோயிலுடையது என்றால் திருத்த எதுவும் இல்லை.

வீட்டு வரியும் மின் இணைப்பும்?

எளியவை. மாநகராட்சி மண்டல அலுவலகத்திலோ இணையத்திலோ பத்திரம், பட்டா, பாக்கியில்லாத ரசீது கொடுத்தால் பெயர் மாறும். கிராமத்தில் ஊராட்சி. பழைய கதவு எண், புதிய கதவு எண் இரண்டும் ரசீதில் வரும்படி கேளுங்கள். வரி விதிப்பில் உள்ள கட்டடப் பரப்பு உண்மையைவிடக் குறைவு என்றால், திருத்தும்போது கூடுதல் வரி கேட்பார்கள். கட்டிவிடுவதே மேல், பதிவின்போது கட்டடத்தைப் பார்வையிட வருபவர் அதே வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பார். அனுமதி வரைபடத்தை மீறிக் கட்டிய மாடி பதிவேட்டுப் பிழை அல்ல, எந்த மனுவாலும் அது சரியாகாது.

ஏற்காட்டில் வீடு. அங்கே ஏதும் வேறுபாடு உண்டா?

நிறைய. முதலில் அளவு. புலப்படமும் பட்டாவும் நிலத்தின் கிடைமட்டப் பரப்பைச் சொல்கின்றன. சரிவின் மேல் நாடா பிடித்து அளந்த நீளத்தை அல்ல. 20 பாகைச் சரிவில் 100 அடி அளந்தால் படத்தில் அது 94 அடிதான். சரிவை ஒட்டி 100 × 60 என்று பத்திரம் எழுதிய மனை 6,000 சதுர அடியாக இருக்கும்; பட்டாவில் ஏறக்குறைய 5,640 வரும். சேர்வராயன் மலையில் 'பட்டாவில் இடம் குறைகிறது' என்ற புகார்களில் பலவற்றுக்கு விளக்கம் இதுவே. யாரும் திருடவில்லை. விற்கும்போது பட்டாவின் அளவையே எழுதுங்கள்.

அடுத்து எல்லை. பழைய எஸ்டேட் பத்திரங்களில் ஓடை, பாறை, சில்வர் ஓக் வரிசை என்று எல்லை சொல்லியிருப்பார்கள். மரம் வெட்டப்பட்டிருக்கும், ஓடை நகர்ந்திருக்கும். புலப்படத்தின் அளவுகளை வைத்துக் கல் நட்டபின், புதிய பத்திரத்தில் மீட்டர் அளவோடு எல்லை எழுத வேண்டும்.

காபித் தோட்டத்திலிருந்து பிரித்துத் தரப்பட்ட மனைகளில் உட்பிரிவே ஆகாமல் எஸ்டேட்டின் மொத்தப் பட்டா எண்ணிலேயே வீடு நிற்கும். ஏற்காடு மலையிடப் பாதுகாப்புப் பகுதி என்பதால் மனைப்பிரிவுக்கும் கட்டடத்துக்கும் தனி அனுமதி முறை உண்டு; அந்த அனுமதி இல்லாததைப் பட்டாத் திருத்தம் மறைக்காது.

இன்னொன்று. அ-பதிவேட்டின் குறிப்புப் பகுதியில் நிபந்தனை ஒப்படை என்று இருந்தால் அதை 'எடுத்துவிடச்' சொல்லி மனுப் போடாதீர்கள். பழங்குடியினருக்கும் நிலமற்றோருக்கும் அரசு நிபந்தனையோடு கொடுத்த நிலம் அது. அந்தச் சொல் பிழையாக அங்கே வரவில்லை.

மனுவை நிராகரித்துவிட்டார்கள். அடுத்து?

காரணத்தோடு எழுத்தில் உத்தரவு வாங்குங்கள். இணைய மனுக்களில் 'ஆவணம் போதவில்லை' என்று ஒரு வரியில் முடித்தால், விடுபட்டதைச் சேர்த்து மறுபடி மனுச் செய்யலாம். தகுதி பார்த்து நிராகரித்தால், 1983-ஆம் ஆண்டு பட்டாப் புத்தகச் சட்டத்தின் 12-வது பிரிவில் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, 13-வது பிரிவில் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு. திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுக்கும் மனு இவற்றுக்கு மாற்றல்ல. அது திரும்ப அதே தாசில்தாரிடம்தான் வரும். கோப்பு எங்கே நிற்கிறது என்று அறிய மட்டும் உதவும்.

திருத்தம் முடியும் முன் அட்வான்ஸ் வாங்கலாமா?

பிழைத்திருத்தல் பத்திரம், ரசீது ஆவணம், வரிப் பெயர் மாற்றம் போன்றவை வாரக்கணக்கில் முடிபவை. அவற்றைச் சொல்லிவிட்டு அட்வான்ஸ் வாங்கலாம். உட்பிரிவு நிலுவையில் இருந்தால் ஒப்பந்தக் காலத்தை 'உட்பிரிவுப் பட்டா கிடைத்த நாளிலிருந்து இத்தனை நாள்' என்று எழுதுங்கள். காலண்டர் தேதி போட்டு மாட்டிக்கொள்ள வேண்டாம். யுடிஆர் விசாரணை, வாரிசுத் தகராறு, பக்கத்து எல்லை வழக்கு இவற்றில் ஏதேனும் இருந்தால் உத்தரவு கைக்கு வரும்வரை யாரிடமும் பணம் வாங்காதீர்கள். திருத்த மனுவின் ஒப்புகைச் சீட்டைக் காட்டினால் வங்கி கடன் தராது. திருத்தப்பட்ட பதிவைத்தான் கேட்கும்.